மேட்டு வீட்டுத் தோட்டமும் கீழ் வீட்டு முற்றமும்

போன மாதம் எங்கள் சொசைட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மண்சரிவு முழுவதையும் சிமென்ட் போட்டு மூடிவிடுவது என்று. "செடி கிடையாது, சேறு கிடையாது, பாம்பு பயம் கிடையாது. ஒரு தடவை செலவு, அதோடு விட்டது" என்றார் முன்மொழிந்தவர். பலர் கை தூக்கினார்கள். எங்கள் வரிசையில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். அதில் மூன்று வீட்டார் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை.

ஏன் தூக்கவில்லை என்று விளக்கமாகச் சொல்ல எனக்கு மராத்தி போதவில்லை. தமிழில் சொல்வதற்குத்தான் நம் சங்கப் பத்திரிகை இருக்கிறதே! சரிவான மனையில் வீடு கட்டிக்கொண்டு, "இந்த இடத்தில் எதுவுமே வர மாட்டேன் என்கிறது" என்று அலுத்துக்கொள்ளும் நம்மவர்கள் புனேயில் நிறையப் பேர். அவர்களுக்கும் இது பயன்படலாம்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2011ல் பாவ்தன் பக்கம் இந்த ரோ ஹவுஸை வாங்கினோம். முன்னால் சமதளம், பின்னால் நாற்பது அடி நீளத்துக்குச் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் கீழ்ப் பாதை, அதை ஒட்டிப் பழைய ஓட்டு வீடுகள். மண் என்று சொல்வதுகூடத் தப்பு, முரம். கருங்கல் பாறை காலப்போக்கில் பொடிந்து உதிர்ந்த சரளை. மண்வெட்டி போட்டால் 'கிண்' என்று கேட்கும். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும்.

ஆனால் எனக்கு ஆசை புல்தரை மேல். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலி போட்டு, கையில் ஃபில்டர் காப்பியோடு பச்சைப் புல்லைப் பார்த்து உட்கார வேண்டும் என்று பல வருஷக் கனவு. ஒரு நர்சரிக்காரர் வந்து பார்த்தார். சரிவில் இருந்த காட்டுச் செடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டு, லாரியில் செம்மண் கொண்டு வந்து கொட்டி, பாய் பாயாகப் புல்லை விரித்துவிட்டுப் போனார். அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போய், ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பினோம். புல் பழைய கோணிச் சாக்கின் நிறத்துக்கு வந்திருந்தது. சரி, மழை வந்தால் துளிர்க்கும் என்று இருந்தேன். மழையும் வந்தது. ஒரே இரவில் புல், செம்மண், போட்ட பணம் மூன்றும் சேர்ந்து கீழே இறங்கிவிட்டன.

மறுநாள் காலை கீழ் வீட்டு ஆஜி மேலே ஏறி வந்தார். எழுபது வயது இருக்கும். கோபமே இல்லாமல், "அண்ணா, உங்கள் வீட்டு மண் என் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. எப்போது வந்து எடுத்துக்கொண்டு போகிறீர்கள்?" என்றார்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். துளசி மாடம் பாதி மூழ்கியிருந்தது. அடுப்படி வாசல் வரை சேறு. நானும் என் பையனும் இரண்டு நாள் மண் அள்ளினோம். என் தோட்டம் என்பது என் வேலியோடு முடிகிற விஷயம் இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சமதளத்தில் செடி பட்டுப்போனால் நஷ்டம் நமக்கு. சரிவில் செடி பட்டுப்போனால் நஷ்டம் கீழே இருப்பவருக்கு.

மழை எப்படி, மண் எப்படி

ஊரில் பழகிய கணக்கு இங்கே உதவாது. நம் பக்கம் பல மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது அந்தக் கணக்கு. புனேயில் வருஷ மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். பாக்கி எட்டு மாதம் ஏறக்குறைய வறட்சி. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். நம் சொசைட்டிகளுக்கு டேங்கர் தண்ணீர் வருவதும், நாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவதும் அதே மாதங்களில்தான்.

ஆகவே இங்கே சரிவுக்கு வைக்கும் செடிக்கு நான்கு தகுதி வேண்டும். நான்கு மாத மழையில் வேர் அழுகக் கூடாது. எட்டு மாத வெயிலில் காயக் கூடாது. ஒன்றரை மாதம் வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் பிழைத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேர் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். பூ அழகா, நிறம் அழகா என்பதெல்லாம் இந்த நான்குக்கும் அப்புறம்தான்.

என்ன செடி வைக்கலாம்?

ஆஜியிடமே கேட்டேன். "வாளா வை" என்றார். வாளா என்றால் என்ன என்று தெரியாமல் விழித்தேன். வீட்டுக்குள் போய் ஒரு கட்டு வேரைக் கொண்டு வந்து மூக்கருகே நீட்டினார். வெட்டிவேர்!

பெயரைப் பாருங்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இந்தப் புல்லுக்கு வழங்கும் பெயர் நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. கர்நாடகத்தில் மைசூருக்குத் தெற்கே குண்டுலுப்பேட்டைப் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வயல் வரப்பில் இதை வேலியாக வைத்து வந்திருக்கிறார்கள். உலக வங்கி 1980களில் இந்தப் புல்லை மண் அரிப்புக்கு மருந்தாகப் பல நாடுகளுக்கு எடுத்துச் சொன்னது. நாமோ பானைத் தண்ணீரில் போடவும் கோடையில் தட்டி கட்டவும் மட்டும் இதை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர் கீழே இறங்கும். நல்ல மண்ணில் பத்தடிக்கு மேலும் போகும். எங்கள் முரத்தில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் பாறை இடுக்கு கிடைத்த இடத்திலெல்லாம் நுழைந்துகொள்கிறது. தென்னிந்தியாவில் பயிராகும் வகை விதை போட்டுப் பரவுவதில்லை. ஆகவே பக்கத்து மனைக்குத் தொல்லை இல்லை. வாங்கும்போது அந்த வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரே நிபந்தனை, வெயில் வேண்டும். மர நிழலில் வைத்தால் மெலிந்து போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை. சரிவில் வைத்த வெட்டிவேரை வேருக்காகத் தோண்டவே கூடாது. தோண்டினால் மண் இளகி, வந்த காரியம் கெடும். வேர் வேண்டுமென்றால் தனியாக ஒரு சாக்கில் மண் நிரப்பி நாலு தூர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வருஷத்தில் சாக்கைக் கிழித்து எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டிவேர் வரிசை நன்றாகப் பிடித்த பிறகு இடையிடையே வைக்கக் குறுஞ்செடிகள் எத்தனையோ உண்டு. ஆவாரையை மராத்தியில் தர்வட் என்கிறார்கள். புனேயைச் சுற்றியுள்ள கல்லாங்குத்துகளில் தானாகவே நிற்கும். போகிக்குக் காப்புக் கட்டுகிற வீட்டார் ஆவாரம்பூவுக்காக மார்க்கெட்டில் அலைவதைப் பார்த்திருக்கிறேன். பின்வாசல் சரிவில் இரண்டு செடி இருந்தால் போதும். நொச்சி, ஆடாதோடை இரண்டையும் ஆடு மாடு அவ்வளவாகச் சீண்டாது. இருமலுக்கும் ஆவி பிடிக்கவும் இலை வீட்டிலேயே கிடைக்கும். களாச்செடி சஹ்யாத்ரி மலையின் சொந்தப் பிள்ளை. முள் இருப்பதால் கீழ் ஓரத்தில் வேலி போல வைக்கலாம். காயை ஊறுகாய் போடலாம். சீத்தாப்பழம் புரந்தர் பக்கத்து வறண்ட மேடுகளில் தோட்டம் தோட்டமாக விளைகிறது. முதல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் பிறகு உங்கள் தயவு அதற்குத் தேவையில்லை.

பிரண்டையை மறந்துவிடக் கூடாது. ஒரு கணுவை ஒடித்துக் கல் இடுக்கில் செருகினால் போதும். துவையலுக்கு ஊரிலிருந்து யாராவது கொண்டு வருவார்களா என்று காத்திருக்க வேண்டாம். சோற்றுக் கற்றாழை, நித்தியகல்யாணி, காகிதப்பூ மூன்றும் தண்ணீர் குறைவாக இருந்தாலும் தாங்கும். காகிதப்பூ தண்ணீரைக் குறைத்தால்தான் கூடுதலாகவே பூக்கும். அரளியும் தாங்கும். ஆனால் அரளி முழுவதும் விஷம், நித்தியகல்யாணி இலையும் வாயில் வைக்கத் தகாதது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் யோசித்து வைக்க வேண்டும்.

சரி, மல்லிகை? கனகாம்பரம்? வீட்டு அம்மாமார்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள் என்று தெரியும். அவற்றை விடச் சொல்லவில்லை. சரிவில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கொல்லைப்புறக் கதவை ஒட்டித் தொட்டியில் வையுங்கள். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் அங்கே போய்ச் சேரும். கறிவேப்பிலையும் அங்கேதான். வாழை ஆசை இருந்தால் சரிவின் அடியில், தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒரு கன்று வைக்கலாம். கவனிப்பு வேண்டிய செடி கைக்கு எட்டும் இடத்தில், கவனிப்பு வேண்டாத செடி எட்டாத இடத்தில். இவ்வளவுதான் கணக்கு.

தாங்குகிறது என்பதற்காக எதையும் வைத்துவிடவும் கூடாது. உண்ணிச்செடி எந்த வெயிலையும் தாங்கும், ஆனால் ஊரையே பிடித்துக்கொள்ளும். நம் வேதாள் டேக்டிக்கு நடக்கப் போகிறவர்கள் கிளைரிசிடியா மரங்களைப் பார்த்திருப்பார்கள். சீக்கிரம் வளரும், வறட்சி தாங்கும் என்று வெளிநாட்டிலிருந்து வந்த மரம். குன்றைச் சீக்கிரம் பசுமையாக்க வைத்தார்கள், பசுமையும் ஆயிற்று. ஆனால் அந்தக் குன்றுக்கே உரிய செடிகளுக்கு இடம் இல்லாமல் போயிற்று என்று இந்த ஊர் இயற்கை ஆர்வலர்கள் பல வருஷமாகக் குறைப்படுகிறார்கள். ஒரே செடியை மலை முழுக்க வைப்பது எங்கேயுமே சரிப்படுவதில்லை.

எப்படி வைப்பது?

செடியைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. வைக்கிற விதம் மறுபாதி. நம்மில் பலர் மேலிருந்து கீழாக வரிசை பிடிக்கிறோம். அது தண்ணீருக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது மாதிரி. வரிசை சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போக வேண்டும். மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடித்தால் போதும். இடுப்பு உயர இறக்கத்துக்கு ஒரு வரிசை. வரிசையில் நாலைந்து அங்குலத்துக்கு ஒரு தூர். ஒவ்வொரு தூரிலும் இரண்டு மூன்று கிளைப்பு இருக்கட்டும். இடையில் ஒரு கை அகலம் விட்டுப்போனாலும் தண்ணீர் அந்தச் சந்தில்தான் பாயும்.

நடும் காலம் ஆனி. முதல் மழை இரண்டு மூன்று பெய்து, முரம் நனைந்த உடனே. ஆடிக்குக் காத்திருந்தால் கனமழையில் நாற்று நகர்ந்துவிடும். பெரிய செடி வாங்கி வைத்தால் சீக்கிரம் வளரும் என்று நினைக்காதீர்கள். சரிவில் சின்ன நாற்றுதான் நன்றாக வேர் பிடிக்கும். குறுஞ்செடிக்குக் குழி எடுக்கும்போது கீழ்ப்பக்கம் பிறை வடிவில் கல் அடுக்கினால் மழைநீர் கொஞ்சம் நின்று இறங்கும். இருக்கிற காட்டுச் செடிகளை ஒரே நாளில் பிடுங்காதீர்கள். புதியது பிடிக்கப் பிடிக்கப் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். நான் செய்த முதல் தவறு அதுதான்.

'பராமரிப்பு வேண்டாத தோட்டம்' என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். முதல் வருஷம் பராமரிப்பு உண்டு. முதல் கோடையில் வாரம் ஒரு முறையாவது தண்ணீர் வேண்டும். ஊருக்குப் போனால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். எனக்கு ஆஜியின் பேரன் ஊற்றினான். அதற்குப் பிறகு மழைக்கு முன் ஒரு முறை, தை மாதம் ஒரு முறை, புல்லை முழங்கால் உயரத்துக்குக் கத்தரித்தால் போதும். கத்தரித்ததை அங்கேயே செடிகளின் அடியில் போடலாம். ஆனால் கோடையில் காய்ந்த புல்லைக் குவித்து வைக்கக் கூடாது. யாராவது பீடித் துண்டைப் போட்டால் போயிற்று. பாம்பு பயம் உள்ளவர்கள் கதவிலிருந்து பத்தடி தள்ளி முதல் வரிசையைத் தொடங்கி, அடியைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காமல் விட்ட புதர்தான் பாம்புக்கு வசதி.

2013ல் வைத்தோம். முதல் மழையில் ஆஜி முற்றத்துக்கு ஒரு தட்டு மண் போயிருக்கும். மூன்றாம் மழையில் கலங்கல் தண்ணீர் மட்டும் போயிற்று. இன்று வரிசைக்கு மேல்பக்கம் மண் படிந்து படிந்து, தானாகவே படிக்கட்டு மாதிரி ஆகியிருக்கிறது.

சிமென்ட் ஏன் கூடாது?

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். சரிவைச் சிமென்டால் மூடினால் மழைநீர் உள்ளே இறங்காது. பெய்த மழை அத்தனையும் ஒரே பாய்ச்சலாகக் கீழே இருப்பவர் வீட்டுக்குப் போகும். கொஞ்ச நாளில் வெயிலில் சிமென்ட் வெடிக்கும். வெடிப்பு வழியாக இறங்கும் தண்ணீர் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே தேங்கும். நனைந்த மண்ணும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து சுவரை முதுகில் தள்ளும். அதனால்தான் மண்ணைத் தாங்கும் சுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டைகள் விடுகிறார்கள். நம் பகுதியில் பல சுவர்களில் அந்த ஓட்டைகளை அசிங்கம் என்று அடைத்து வைத்திருக்கிறார்கள். தயவு செய்து உங்கள் சுவரைப் போய்ப் பாருங்கள்.

செடி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. புல்லின் வேர் மேல் மண்ணைப் பிடிக்கும். மலையே நகர்ந்தால் அதற்குச் சக்தி கிடையாது. 2014 ஜூலை 30ஆம் தேதி இதே புனே மாவட்டத்தில் மாளின் கிராமத்தின் மேல் மலை சரிந்து 150 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவு மிகச் செங்குத்தாக இருந்தாலும், சுவரில் வயிறு தள்ளியிருந்தாலும், மண்ணில் புதிதாகப் பிளவு தெரிந்தாலும் செடி வாங்க ஓட வேண்டாம், என்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவை சொசைட்டி செய்யட்டும். நான் முதலில் கை தூக்குகிறேன்.

2019 ஜூன் 29ஆம் தேதி நள்ளிரவு தாண்டி, கோண்ட்வாவில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து, கீழே தகரக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த 15 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பீகாரிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர் குடும்பங்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களும் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்கள். நமக்கு மேட்டில் இடம் கிடைத்தது, அவர்களுக்குச் சுவரின் அடியில் கிடைத்தது. மேட்டில் இருப்பவருக்கு இருக்கும் பொறுப்பு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் இடத்தில் விழும் மழை கீழே போகும்போது நிதானமாகப் போக வேண்டும்.

கை தூக்கிய நம்மவர் ஒருவர் கூட்டம் முடிந்து வரும்போது என்னிடம் சொன்னார்: "சார், நாம என்ன இங்கேயேவா இருக்கப் போறோம்? ரிடையர் ஆனா ஊருக்குப் போயிடுவோம். செடி வெச்சு யாருக்கு?" இதையே நானும் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ரிடையரும் ஆயிற்று, ஊருக்குப் போகவில்லை. பிள்ளைகள் இங்கே, பேரன் பேசுவது மராத்தி கலந்த தமிழ். நாளைக்கே போய்விடுவோம் என்ற நினைப்பிலேயே தொட்டியில் ரோஜாவும் தரையில் சிமென்டுமாகக் காலத்தை ஓட்டிவிட்டோம். நாம் போனாலும் போகாவிட்டாலும் ஜூன் மாதம் மழை வரும். கீழே யாராவது குடியிருப்பார்கள்.

அடுத்த கூட்டம் ஜூன் முதல் வாரம். அதற்குள் கை தூக்கிய மூன்று வீட்டாரும் ஒரு முறை எங்கள் பின்வாசலுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். காப்பி உண்டு, பிரண்டைத் துவையலும் உண்டு. இந்த வருஷம் வரிசையைப் பிரித்தால் முந்நூறு தூருக்குக் குறையாமல் வரும். வேண்டும் என்கிற உறுப்பினர்கள் சங்கத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். காசு வேண்டாம். கீழ் வீட்டுக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போனால் போதும்.